ஹெஸ்டர் அக்காவின் செத்த வீடு

1

போன கிழமை மகள் தாரணி மான்செஸ்டரிலிருந்து வந்தபோது அழுக்குத் துணி மூட்டையோடு எனக்கென்று ஒரு சீடியும் கொண்டுவந்தாள். அங்கே யூனிவர்சிற்றியில் படிக்கிறாள். இடைக்கிடை வருவாள், துணி தோய்ப்பாள், சோறு தின்பாள், அரைவாசி இங்கிலீஷிலும் மீதியை இங்கிலீஷிலுமாகக் கதைத்துவிட்டுப் போவாள். இந்த முறை சப்பாத்தைக் கழற்றுமுன்னரே சீடியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அட்டையில் ஹெஸ்டர் அக்கா. கண்ணை மூடி, வாயை அகலத் திறந்து, அவ பாடுகிறபோது இருக்கிற அதே மாதிரி. அவ காலமாகி வருகிற மாதத்தோடு ஒரு வருடம். பின்பக்கத்தில் அவவைப்பற்றி நாலு வரி எழுதியிருந்தார்கள். அமெரிக்காவின் தெற்கில் பருத்தி விளைகிற ஊரில் பிறந்தா, சிக்காகோவில் பாடினா, லண்டனில் குடியிருந்தா, பெரிய குரல். எல்லாம் சரிதான். ஒன்றிலும் பிழை சொல்ல ஏலாது. ஆனால் பதின்மூன்று வருடம் ஒரு சுவருக்கு அந்தப்பக்கம் இருந்த மனுசியை நாலு வரியில் முடித்துவிட்டார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஊரில் இருக்கிற உங்களுக்கு அவவைத் தெரியாது. அவ பாடியது புளூஸ் என்கிற பாட்டு. அமெரிக்கக் கறுப்புச் சனங்களின் துயரப் பாட்டு என்பார்கள். துயரத்தோடு நக்கலும் நிறைய இருக்கும். அவ என்னிடம் ஒரு வேலை கேட்டிருந்தா. தன்னுடைய செத்த வீட்டில் நான் வாய்விட்டு, சத்தம் போட்டு அழவேண்டும் என்று. சொந்தத் தகப்பனுக்கே அப்படி அழாத என்னிடம் போய்க் கேட்டா. அது சீடி அட்டையில் இல்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

ஒன்று சொல்லிவைக்கவேண்டும். அவ கதைத்தது இங்கிலீஷ், அதுவும் தெற்கு அமெரிக்காவின் இழுவை இங்கிலீஷ். நான் எனக்கு விளங்கினபடி எழுதுகிறேன். அதனால் இங்கே அவ யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கப்போகிறா.

2

எண்பதுகளின் நடுப்பகுதி. நாங்கள் லண்டனில், வால்தம்ஸ்டோவில் கவுன்சில் என்கிற நகரசபையின் மாடி வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான். கணவருக்குப் பெற்றோல் ஷெட்டில் இரவு ஷிப்ட், பகலில் நித்திரை. தாரணி பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பு. நான் ஜன்னலும் நானுமாக இருந்தேன்.

ஒருநாள் பின்னேரம் சுவருக்கு அப்பால் ஒரு பெண் அழுகிற சத்தம் கேட்டது. சும்மா அழுகை இல்லை. அடியிலிருந்து எழும்பி, மேலே போய், உச்சியில் உடைந்து, இறங்கிவந்து, பிறகு அதே வரியைத் திரும்பவும் பிடித்து அழுதது. எங்களூரில் நான் கேட்டு வளர்ந்த ஒப்பாரிதான். சொல்லு விளங்காவிட்டாலும் ஆரோ புருசனைப் பறிகொடுத்த அழுகை என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை.

கதவைக் கொஞ்சமாகத் திறந்து பார்த்தேன். கறுப்பு உடுப்புப் போட்ட இரண்டு வெள்ளைக்காரர், ஆளைவிட உயரமான ஒரு கறுப்புப் பெட்டியை மூச்சுவாங்க வாங்கப் படியில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். லிஃப்ட் வழமைபோல வேலை செய்யவில்லை. வெள்ளைக்காரர் சாவுக்குக் கறுப்புத்தான் உடுப்பார்கள் என்று எனக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். பெட்டியும் வந்துவிட்டது, இனி என்ன மிச்சம்? கொஞ்ச நேரத்தில் மேளம் மாதிரியும் ஏதோ தட்டிக் கேட்டது. எங்கள் செத்த வீட்டுக்குப் பறை அடிப்பதுபோல இவர்களுக்கும் ஒரு முறை இருக்கும்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அயலவர்தான் சாப்பாடு கொடுக்கவேண்டும். நான் கடகடவென்று சோறு காய்ச்சி, பருப்பும் கோவா வறையும் வைத்து, பெரிய சட்டியில் போட்டு மூடினேன். வெள்ளைச் சேலை ஒன்றை எடுத்து உடுத்தேன். இவரை எழுப்பிக் கேட்டிருந்தால் "உமக்கேன் தேவையில்லாத வேலை" என்றிருப்பார். அதனால் எழுப்பவில்லை.

கதவைத் திறந்தவ கதவளவுக்கு இருந்தா. கறுப்பு நிறம், வெள்ளிக் காப்பு, கையில் ஒரு கிளாஸ் வெந்நீர். நான் சட்டியை நிலத்தில் வைத்துவிட்டு, முறைப்படி அவவின் தோளைப் பிடித்து அழுதேன். தோள் எட்டவில்லை, முழங்கையைத்தான் பிடித்தேன். ஊரை விட்டு வந்த புதிது, எனக்கு அழுகைக்குப் பஞ்சமில்லை. அவ கையிலிருந்த கிளாஸ் தளம்பாமல் அப்படியே நின்றா. பிறகு மெதுவாக மற்றக் கையால் என் முதுகைத் தடவினா.

உள்ளே போய் நிலத்தில் இருந்தேன். சவத்தைக் காணவில்லை. உள் அறையில் வைத்திருப்பார்கள் போல. பெட்டியும் சுவரோடு சாத்தி வைத்திருந்தது, இன்னும் வைக்கவில்லையாக்கும் என்று நினைத்தேன். கிதார் வைத்திருந்த மெலிந்த கிழவர் என்னைப் பார்த்தார், ஹெஸ்டர் அக்காவைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. துக்கம், என்ன பேசுவது? கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழும்பினேன். செத்த வீட்டில் "போயிட்டு வாறன்" என்று சொல்லக்கூடாது. சொல்லாமல், திரும்பிப் பாராமல் வந்து, செத்த வீட்டுத் துடக்குப் போகத் தலைக்குத் தண்ணி வார்த்துத் தோய்ந்தேன்.

3

அடுத்த நாள் சட்டி திரும்பி வந்தது. அதற்குள் வத்தாளங்கிழங்கில் சுட்ட ஒரு இனிப்பு இருந்தது. ஹெஸ்டர் அக்கா எங்கள் கதவை அடைத்துக்கொண்டு நின்றா.

"பிள்ளை, உங்கடை வீட்டிலை ஆர் செத்தது?"

"எங்கடை வீட்டிலையோ? உங்கடை வீட்டிலை எல்லோ!"

"என்ரை வீட்டிலை ஒருத்தரும் சாகேல்லையே."

"பின்னை நீங்கள் ஏன் அப்பிடி அழுதனீங்கள்?"

அவவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு ஒரு சிரிப்புச் சிரித்தா. கீழ் வீட்டுக்காரர் தும்புத்தடியால் முகட்டில் இடித்தார், என் கணவர் நித்திரையால் எழும்பி வந்தார். அது ஞாயிற்றுக்கிழமை பப்பில் பாடுகிறதுக்கான ஒத்திகை. பெட்டிக்குள் இருந்தது ஆளுயர வாத்தியம். கறுப்பு உடுப்பு, பான்ட் ஆட்கள் எப்போதும் போடுகிற உடுப்பு.

நான் வெட்கத்தில் குறுகிப்போனேன். அவவுக்கோ என்னை விடுகிற எண்ணம் இல்லை. நிலத்தில் ஏன் இருந்தாய், தோளை ஏன் பிடித்தாய், ஏன் ஒரு சொல்லும் சொல்லாமல் போனாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டா. நானும் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். செத்த வீட்டில் போயிட்டு வாறன் என்றால் இன்னொரு சாவுக்கு வாறன் என்று சொல்கிற மாதிரி, அதனால் சொல்வதில்லை என்றேன். அவ அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தா.

"நான் பாட வெளிக்கிட்ட காலந்தொட்டு எத்தினையோ பேர் கைதட்டியிருக்கினம். ஒருத்தரும் சோறு சமைச்சுக்கொண்டு வரேல்லை, பிள்ளை" என்றா.

அதற்குப் பிறகு நான்தான் கேள்வி கேட்கிற ஆளாகிவிட்டேன். அவ பகலில் ஆசுப்பத்திரி லோன்றியில் படுக்கை விரிப்புத் தோய்க்கிற வேலை. மூன்று மணிக்கு வந்து காலை ஒரு வாளிச் சுடுதண்ணிக்குள் வைத்துக்கொண்டு இருப்பா. நான் தேத்தண்ணியோடு போவேன். இவ்வளவு பெரிய குரல் எங்கேயிருந்து வந்தது என்று கேட்டேன். சின்ன வயதில் பருத்திக் காட்டில் வேலை செய்கிற சனத்துக்குத் தண்ணி சுமந்தாவாம். ஒரு அந்தத்தில் நின்று "தண்ணி!" என்று கூப்பிட்டால் மற்ற அந்தத்துக்குக் கேட்கவேண்டும். கேட்காவிட்டால் வாளியோடு நடக்கவேண்டும். நடக்கப் பஞ்சிப்பட்ட சோம்பலில் வளர்ந்த குரலாம்.

சேர்ச்சில் பாட்டுக் கூட்டத்தில் சேர்த்தார்களாம், மற்றப் பிள்ளைகளின் சத்தம் கேட்கவில்லை என்று கடைசி வாங்கில் போய் இருக்கச் சொன்னார்களாம். சிக்காகோவில் இறைச்சி தகரத்தில் அடைக்கிற ஃபக்டரியில் வேலை செய்துகொண்டு சனி ஞாயிறுகளில் பாடினா. இசைத்தட்டுப் போட வந்தவர்கள், மைக் தாங்கவில்லை என்று அவவை அறைக்கு வெளியே, நடையில் நிறுத்திப் பதிந்தார்களாம். இந்தச் சீடியில் இருக்கிற பாட்டுகளில் பாதி அந்த நடையில் நின்று பாடியவை. மெதுவாகப் பாடினால் வானொலியில் போடலாம், பெரிய காசு வரும் என்று இசைத்தட்டு முதலாளி சொல்ல, "மெதுவாப் பாடுறதெண்டால் நீயே பாடு" என்றுவிட்டு வந்துவிட்டா.

பிறகு ஒரு கோஷ்டியோடு ஐரோப்பாவுக்குப் பாட வந்தா. லண்டன் குளிரில் நிமோனியா பிடித்து ஆசுப்பத்திரியில் கிடந்தபோது கோஷ்டி அவவை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டது. எழும்பி நடந்ததும் அதே ஆசுப்பத்திரியில் வேலை கேட்டா. ஜமெய்க்கா நாட்டு பஸ் டிரைவர் ஒருவரைக் கட்டினா. அவரும் நாங்கள் வருவதற்கு முன்னமே செத்துப்போனார்.

"அவருக்கு ஆர் அழுதது?" என்று கேட்டேன். எங்களுக்கு அதுதானே முதல் கேள்வி.

"நான் பாடேல்லை. பாடினால் விழுந்திடுவன் எண்டு பயம்" என்றா.

இன்னொன்றும் கேட்டேன். முதல் வரியை ஏன் இரண்டு தரம் பாடுகிறீர்கள்? அதுதான் புளூஸ் பாட்டின் முறையாம். ஒரு வரி, திரும்ப அதே வரி, பிறகு அதற்கு மறுமொழி மாதிரி இன்னொரு வரி. "முதல் தரம் சொன்னால் ஒருத்தரும் கவனிக்கமாட்டினம். ரெண்டாந்தரம் சொல்லேக்குள்ளை திரும்பிப் பாப்பினம். அதுக்குள்ளை நான் மூண்டாவது வரியை யோசிச்சிடுவன்." நான் எங்களூர்ப் பெண்கள் செத்தவரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பதையும், சிலவேளை ஏசிப் பேசுவதையும் சொன்னேன். "செத்த ஆளையே பேசுவினமோ?" என்று தொடையில் தட்டிச் சந்தோசப்பட்டா.

ஒரு ஞாயிறு மத்தியானம் தாரணியையும் கூட்டிக்கொண்டு அந்தப் பப்புக்குப் போனேன். பப்புக்குள் சேலையோடு போன யாழ்ப்பாணத்துப் பெண் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும். ஹெஸ்டர் அக்கா மைக்கைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் பாடினா. பியர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாசை மேசையில் வைக்க மறந்து பிடித்தபடி இருந்தார்கள். 

4

இரண்டு வருடம் கழித்து அப்பா ஊரில் செத்துப்போனார். கொழும்பிலிருந்து மச்சாள் போன் எடுத்தபோது எரித்து மூன்று நாளாகிவிட்டது. சண்டை நேரம், பாதை இல்லை. பாதை இருந்திருந்தாலும் எங்கள் அகதி வழக்கு முடியவில்லை, பாஸ்போட் குரோய்டனில் குடிவரவுக் கந்தோரில் கிடந்தது. வெளிக்கிட்டால் திரும்பி வர ஏலாது.

வெம்பிளியிலிருந்தும் ஈஸ்ட்ஹாமிலிருந்தும் தெரிந்த பெண்கள் வந்தார்கள். கோட்டோடு சோபாவில் வரிசையாக இருந்தார்கள். ஒரு மாமி தோளைப் பிடித்து "ஐயோ" என்று குரலெடுத்தா. உடனே இன்னொருவ, "மெல்ல, மெல்ல. கீழை உள்ளவன் கவுன்சிலுக்குச் சொல்லிப்போடுவான்" என்றா. மாமி வாயை மூடினா. நானும் மூடினேன். எங்கள் வீட்டில் அது முன்னமே அப்படித்தான். அம்மா ரீச்சர், ஒப்பாரி படிக்காத ஆட்களுடைய வேலை என்று சொல்லி வளர்த்தவ. எனக்குள் எல்லாம் நெஞ்சுக்கும் தொண்டைக்கும் நடுவில் வந்து நின்றது. அதற்கு மேல் வரவில்லை.

அப்போது ஹெஸ்டர் அக்கா வந்தா. கையில் ஒரு சட்டி, மரக்கறி மட்டும் போட்டுக் காய்ச்சிய அவரைக்கொட்டைச் சூப். சட்டியை வைத்துவிட்டு, அந்தப் பெரிய உடம்போடு நிலத்தில் இருந்து என் தோளைப் பிடித்தா. வந்த பெண்கள் எல்லாரும் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ பாடினா. என் அப்பாவின் பெயரைச் சொல்லி, நான் எப்போதோ சொன்ன அவருடைய சைக்கிளைச் சொல்லி, ஒரே வரியை இரண்டு தரம். கீழ் வீட்டுக்காரர் அன்றைக்கு முகட்டில் இடிக்கவில்லை. மாமிக்குப் பிறகு நல்லாக வாய் திறந்தது. எனக்குக் கண்ணீர் ஓடியது, சத்தம் மட்டும் வரவில்லை.

முடிந்ததும் அவ எழும்பி, ஒரு சொல்லும் சொல்லாமல், திரும்பிப் பாராமல் போனா. அதைப் பார்த்து எனக்குக் கண்ணீர் இன்னும் கூட ஓடியது, அப்போதும் சத்தம் இல்லாமல்.

எட்டாம் நாள் காரியம் கழிய, சட்டி கொடுக்கப் போனேன். "உனக்கு வெளியிலை வரேல்லை, பிள்ளை. நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்" என்றா. பிறகு சட்டியை வாங்கிக்கொண்டே சொன்னா: "நான் செத்தால் இந்தச் சனம் சான்விச் சாப்பிட்டுக்கொண்டு காலநிலையைப்பற்றிக் கதைக்கும். நீ வா. வந்து சத்தம் போடு. கொப்பருக்கு அழாததையும் சேர்த்து எனக்கு அழு."

"ஓம்" என்று சொன்னேன். சாகிற ஆள் மாதிரியா அப்போது இருந்தா?

5

உண்மையில் அதற்குப் பிறகுதான் அவவுக்கு நல்ல காலம் வந்தது. பழைய இசைத்தட்டுகளைத் தேடித் திரிகிற இளம் வெள்ளைப் பெடியள் அவ உயிரோடு, அதுவும் வால்தம்ஸ்டோவில் துணி தோய்த்துக்கொண்டு இருக்கிறா என்று கண்டுபிடித்தார்கள். பெரிய மண்டபங்களில் பாடக் கூப்பிட்டார்கள். பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் போனா. பேப்பர்களில் படம் வந்தது. லோன்றி வேலையை விட்டா, காலை வைக்கிற வாளியை மட்டும் விடவில்லை. கீழ் வீட்டுக்காரர் கூட ஒரு ரிக்கற் கேட்டு வந்தாராம்.

தாரணி அந்த வருடங்களில்தான் என்னைவிட்டு விலகினாள். பஸ்ஸில் நான் தமிழில் கதைத்தால், "அம்மா, ஷ்ஷ்" என்பாள். பெற்றோர் கூட்டத்துக்குச் சேலை உடுக்கவேண்டாம் என்பாள். "நொட் ஸோ லவுட், அம்மா." என் குரல் பெரிதில்லை என்று உங்களுக்குத் தெரியும், ஆனாலும் அவளுக்கு அது பெரிதாகத்தான் கேட்டது. ஹெஸ்டர் அக்காவிடம் மட்டும் போய் மணிக்கணக்காக இருப்பாள். எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

பிறகு ஹெஸ்டர் அக்கா நெஞ்சில் நோய் வந்து படுத்தா. கடைசியாகப் பார்க்கப் போனபோது கதைக்க முடியவில்லை. ஒரு விரலால் என் தொண்டையைத் தொட்டுக் காட்டினா. நான் மறக்கவில்லை என்று தலையாட்டினேன்.

6

எங்களூரில் பெண்கள் படலையோடு நின்றுவிடுவோம், சுடலைக்குப் போவதில்லை. இங்கே சுடலைக்குள்ளேயே மெத்தை போட்ட கதிரை வைத்திருக்கிறார்கள். நான் வெள்ளைச் சேலையோடு ஐந்தாம் வரிசையில் இருந்தேன். மான்செஸ்டர் பயணத்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த தாரணி, தானும் வருவதாகச் சொல்லிப் பக்கத்தில் இருந்தாள். சுற்றிவரக் கறுப்புக் கோட்டுகள். ஒருவர் எழும்பி நாலு நல்ல வார்த்தை வாசித்தார். பிறகு அவவின் பாட்டு ஒன்றை ஸ்பீக்கரில் போட்டார்கள், அடுத்த வரிசைக்குக்கூடக் கேட்காத அளவு மெதுவாக. நடையில் நின்று பாடின குரலை இப்படிச் சின்னதாக்கி வைத்திருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம்தான் என்னை எழுப்பியது.

தாரணி சேலைத் தலைப்பைப் பிடித்தாள். "அம்மா, ப்ளீஸ். நொட் ஹியர்."

நான் பெட்டிக்குக் கிட்டப் போய் நின்றேன். வாயைத் திறந்தால் முதலில் காற்றுத்தான் வந்தது. என்ன பாடுவது என்றே எனக்குத் தெரியாது. பிறகு வந்தது.

பருத்திக் காட்டிலை தண்ணி சுமந்த என்ரை அக்கா,
பருத்திக் காட்டிலை தண்ணி சுமந்த என்ரை அக்கா,
இப்ப ஆர் தாகமெண்டு கேட்டு வாளியோடை போனாய்?

அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். கூரையில் போய் இடித்துத் திரும்பி வந்தது. முதல் நாள் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்த அந்தக் கிதார்க் கிழவர், ரெஜி, கடைசியில் வாசிக்கவென்று கிதார் கொண்டுவந்திருந்தார். அவர் மெல்ல என் சுருதியைத் தேடிப் பிடித்தார். நான் அவவைப் பேசினேன். மருந்து குடிக்காததுக்குப் பேசினேன், குளிருக்குள் தொப்பி இல்லாமல் திரிந்ததுக்குப் பேசினேன். ஒவ்வொன்றையும் இரண்டு தரம். ஒரு சொல் விளங்காத பப்புச் சனம் வரி முடிய முடிய "ஓம், ஓம்" என்கிற மாதிரி இங்கிலீஷில் குரல் கொடுத்தது. எங்கேயோ நடுவில் அக்கா போய் அப்பா வந்துவிட்டார். கொள்ளி வைக்கேக்குள்ளை நான் வரேல்லையே அப்பா, வரேல்லையே என்று அழுதேன். நெஞ்சுக்கும் தொண்டைக்கும் நடுவில் நின்றதெல்லாம் வந்தது. கதவடியில் நின்ற சுடலை உத்தியோகத்தர் மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு பார்க்காமல் விட்டார்.

முடிந்தபோது தாரணி எனக்குப் பின்னால் நின்றாள். எப்போது எழும்பி வந்தாள் என்று தெரியாது. அவளுடைய கை என் முதுகில் இருந்தது.

வாசலில் ரெஜி எல்லாருக்கும் கை கொடுத்துக்கொண்டு நின்றார். "ஸீ யூ, லவ்", பிறகு சந்திப்போம் என்று என்னிடமும் சொன்னார். நான் அவரைப் பார்த்தேன், ஒன்றும் சொல்லாமல் தாண்டினேன். தாரணியை நினைக்கத்தான் பயமாக இருந்தது. பஸ் டிரைவருக்குக்கூட பாய் சொல்லாமல் இறங்காத பிள்ளை. ரெஜி அவளுக்கும் கை நீட்டினார். அவள் வாய் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள். தலையை மட்டும் குனிந்துவிட்டு, திரும்பிப் பாராமல் என்னோடு வந்தாள்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் அவள் சப்பாத்தை வெளியிலேயே கழற்றினாள். உள்ளே வராமல் நின்று, நான் எத்தனையோ காலமாகக் கேட்காத தமிழில் கேட்டாள்:

"அம்மா, நீங்கள் முதல் தோயுறீங்களோ, நான் தோயட்டோ?"